அப்பாவியை அப்பாவிகளே வெளியேற்றுவது ஏன்? 'மாஃபியா' முதல் 'தி டிரெய்ட்டர்ஸ்' வரை சந்தேக விளையாட்டுகளின் கணக்கு

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரில் உள்ள அரண்மனை விடுதி ஒன்றில் 20 பிரபலங்கள் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் மூவர் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாமல் 'துரோகிகள்' எனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எஞ்சிய 17 பேரும் 'அப்பாவிகள்'. திரைப்பட இயக்குநர் கரண் ஜோஹர் தொகுத்து வழங்கிய 'தி டிரெய்ட்டர்ஸ்' நிகழ்ச்சியின் இந்தியப் பதிப்பு, 2025 ஜூன் 12 முதல் அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் வெளியானபோது, பார்வையாளர்கள் பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான். துரோகிகள் யார் என்பது நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, உள்ளே இருப்பவர்கள் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அப்பாவிகளையே வாக்களித்து வெளியேற்றுகிறார்கள்?

அவர்களைக் குறை கூறுவது எளிது. யார் துரோகி என்பது பார்வையாளருக்கு முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது, போட்டியாளருக்குச் சொல்லப்படுவதில்லை. எந்தத் தகவலும் இல்லாமல் 20 பேரில் ஒருவரைக் கைகாட்டினால், அவர் துரோகியாக இருக்க வாய்ப்பு 20க்கு 3, அதாவது 15 சதவீதம். முதல் வாக்கெடுப்பில் அப்பாவி ஒருவர் வெளியேறுவது பிழை அன்று. அதுவே எதிர்பார்க்கத்தக்க முடிவு. வியப்புக்குரியது, அடுத்தடுத்த நாள்களில் பேச்சும் விவாதமும் பெருகிய பின்னரும் இந்த விகிதம் பெரிதாக மேம்படாமல் போவதுதான். அதற்கான விடை போட்டியாளர்களின் அறிவுக்கூர்மையில் இல்லை. விளையாட்டின் அமைப்பில் உள்ளது.

மாஸ்கோ விடுதி அறையில் தொடங்கியது

'சோஷியல் டிடக்‌ஷன்' எனப்படும் இவ்வகை விளையாட்டுகளின் மூலம், 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி தவிதோவ் உருவாக்கிய 'மாஃபியா'. அதற்குத் தேவையானவை ஓர் அறை, சில சீட்டுகள், ஒரு நெறியாளர். அவ்வளவே. ஆட்டம் இரவும் பகலுமாக மாறி மாறி நடக்கும். 'இரவில்' அனைவரும் கண்களை மூடிக்கொள்வர். மாஃபியாவினர் மட்டும் கண் திறந்து, ஒருவரை ஒருவர் அறிந்து, ஒரு குடிமகனைக் 'கொல்வர்'. 'பகலில்' அனைவரும் விவாதித்து, பெரும்பான்மை வாக்கால் ஒருவரை வெளியேற்றுவர். மாஃபியாவினர் எல்லோரும் வெளியேறினால் குடிமக்களுக்கு வெற்றி. மாஃபியாவின் எண்ணிக்கை குடிமக்களின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டால், அதற்கு மேல் வாக்கெடுப்பால் பயனில்லை என்பதால் மாஃபியாவுக்கு வெற்றி.

தகவல் அறிந்த சிறுபான்மைக்கும் தகவல் அறியாத பெரும்பான்மைக்கும் இடையிலான போட்டி என்பதே இதன் உயிர்நாடி. அமெரிக்காவின் ஆண்ட்ரூ பிளாட்கின் 1997இல் மாஃபியாவை ஓநாய் மனிதர்களாக மாற்றி 'வேர்வுல்ஃப்' என்ற பெயரில் பரப்பினார். 2018இல் இன்னர்ஸ்லாத் நிறுவனம் வெளியிட்ட 'அமாங் அஸ்' இதை விண்கலத்துக்குள் கொண்டுசென்றது. அது வெளிவந்த வேகத்தில் மறக்கப்பட்டு, 2020இல் பெருந்தொற்றால் வீடடைந்து கிடந்தோரால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 2021இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சியே 'தி டிரெய்ட்டர்ஸ்' என நாடுநாடாகப் பரவி, ஜெய்சால்மர் வரை வந்து சேர்ந்தது.

இந்தியப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதன்று. வட மாநிலங்களில் 'ராஜா, மந்திரி, சோர், சிப்பாய்' என்றும், தமிழகத்தில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்றும் மழை நாள்களில் ஆடப்படும் சீட்டு விளையாட்டு இதன் நெருங்கிய உறவு. வட இந்திய ஆட்டத்தில் நான்கு சீட்டுகள் மடித்துப் போடப்படும். ராஜாவும் மந்திரியும் தங்களை வெளிப்படுத்திக்கொள்வர். மீதமுள்ள இருவரில் திருடன் யார் என மந்திரி சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவருடைய 800 புள்ளிகள் அவருக்கே. தவறினால் அவை திருடனுக்குப் போய்விடும். இருவரில் ஒருவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த மந்திரியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. எதிரே இருக்கும் இரு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். யார் சிரிப்பை அடக்குகிறார், யார் அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறார் என்று தேடுவார். அந்தப் பார்வைதான் பின்னர் பெரியவர்களின் ஆட்டங்களிலும் தொடர்கிறது. அது எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பதற்குப் பின்னர் வருவோம், முதலில் கணக்கு.

ஏழு பேர், இரண்டு மாஃபியா

ஏழு பேர் ஆடுகிறார்கள், அவர்களுள் இருவர் மாஃபியா எனக் கொள்வோம். ஆட்டம் பகலில் தொடங்குகிறது. குடிமக்கள் யாரையும் சந்தேகிக்காமல், ஒவ்வொரு பகலும் குலுக்கல் முறையில் ஒருவரை வெளியேற்றினால் என்ன ஆகும்?

ஐந்து குடிமக்கள், இரண்டு மாஃபியா என்ற நிலையில் குடிமக்களே அறுதிப் பெரும்பான்மை. ஆனாலும் அவர்கள் வெல்லும் வாய்ப்பு 35க்கு 8, அதாவது ஏறத்தாழ 23 சதவீதம்தான். நான்கில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் மாஃபியாவுக்கே. மாஃபியாவினர் ஒருவர் மட்டும் என்றால் நிலை மாறுகிறது. அப்போது ஏழு பேர் ஆட்டத்தில் குடிமக்கள் வெல்ல வாய்ப்பு ஏறத்தாழ 54 சதவீதம். ஒரே ஒரு கூட்டாளி கூடுவதால் தராசு இந்த அளவுக்குச் சாய்கிறது.

காரணம் எளியது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் குறைகின்றனர். இரவில் குறைபவர் எப்போதும் குடிமகன். பகலில் குறைபவரும் பெரும்பாலும் குடிமகன். ஐந்து பேர் என்பது மூன்றாகவும், மூன்று பேர் என்பது ஒன்றாகவும் கரைய இரண்டு தவறுகள் போதும். ஏழு பேர், இரண்டு மாஃபியா என்ற ஆட்டத்தில் முதல் பகல் தவறினால், அடுத்த பகலில் மூன்று குடிமக்களும் இரண்டு மாஃபியாவும் எஞ்சுவர். அப்போது இன்னொரு தவறுக்கு இடமில்லை.

கணித அறிஞர்கள் மார்க் பிரேவர்மன், ஒமித் எதேசாமி, எல்சனன் மோசல் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொது விதியாகவே நிறுவியது. துப்பறிவாளர் போன்ற சிறப்புப் பாத்திரங்கள் இல்லாத ஆட்டத்தில், இரு தரப்புக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டுமானால், மாஃபியாவின் எண்ணிக்கை மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் இருந்தால் போதும். ஊர் நூறு மடங்கு பெருகினாலும் மாஃபியா பத்து மடங்கு பெருகினால் போதும். பெரிய ஊரில் குற்றக்கும்பல் சிறிய விகிதத்தில் இருந்தாலே ஈடுகொடுத்துவிடும் என்பது இதன் பொருள்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி, விவாதத்தின் மேல் பெரும் நம்பிக்கை வைப்பவர்களுக்குச் சற்றுக் கசப்பானது. தங்கள் பேச்சிலும் வாக்கிலும் எதையும் காட்டிக்கொடுக்காத அளவுக்கு மாஃபியாவினர் தேர்ந்தவர்கள் என்றால், துப்பறிவாளர் இல்லாத ஆட்டத்தில் குலுக்கல் முறையைவிடச் சிறந்த உத்தி குடிமக்களுக்குக் கிடையாது. மாறாக, இரவில் ஒருவரின் அடையாளத்தை அறியக்கூடிய துப்பறிவாளர் இருந்துவிட்டால், மாஃபியா சமாளிக்க மொத்த எண்ணிக்கையில் ஒரு நிலையான பங்கினராக இருந்தாக வேண்டும். வர்க்கமூலம் போதாது. உறுதியான தகவல் ஒரு துளி கிடைத்தாலும் ஆட்டத்தின் இயல்பே மாறுகிறது.

ஆறு பேரைவிட ஐந்து பேர் மேல்

இவ்வகை ஆட்டங்களில் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு நுட்பம், ஒற்றைப்படை-இரட்டைப்படை வேறுபாடு.

ஒரே ஒரு மாஃபியா உள்ள ஆட்டத்தில் ஐந்து பேர் இருந்தால், குலுக்கல் முறையில் குடிமக்கள் வெல்ல வாய்ப்பு 15க்கு 7, ஏறத்தாழ 46.7 சதவீதம். இன்னொரு நல்ல குடிமகனைச் சேர்த்து ஆறு பேராக்கினால் அவர்களின் பலம் கூட வேண்டும் அல்லவா? கூடுவதில்லை, 37.5 சதவீதமாகக் குறைகிறது. ஐந்து பேர் ஆட்டத்தில் ஐவர் இருக்கும்போது ஒன்று, மூவர் இருக்கும்போது ஒன்று என இரண்டு வாக்கெடுப்புகள். ஆறு பேர் ஆட்டத்தில் அறுவர் இருக்கும்போது ஒன்று, நால்வர் இருக்கும்போது ஒன்று என அதே இரண்டு வாக்கெடுப்புகள்தாம். வாய்ப்புகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொரு வாய்ப்பிலும் தேட வேண்டிய முகங்கள் மட்டும் கூடியிருக்கின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறை உத்தி பிறக்கிறது. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து, கையில் எந்தத் தடயமும் இல்லாத பகலில், யாரையும் வெளியேற்றாமல் விடுவது நல்லது. மூன்று குடிமக்கள், ஒரு மாஃபியா என நால்வர் எஞ்சியிருக்கையில் குலுக்கிப் போட்டால் வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்று. வாக்கெடுப்பைத் தவிர்த்தால் இரவில் ஒரு குடிமகன் போவார்; மறுநாள் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாய்ப்பு மூன்றில் ஒன்றாக உயர்கிறது. 'அமாங் அஸ்' ஆட்டத்தில் வாக்களிப்புத் திரையின் கீழே இருக்கும் 'ஸ்கிப்' பொத்தானுக்கு இவ்வளவு பொருள் உண்டு. ஆனால் அங்கே கொலைக்கெனத் தனி இரவு கிடையாது; வஞ்சகர்கள் வாய்ப்பு நேரும்போதெல்லாம் கொல்லலாம். ஆகவே காத்திருப்பதன் விலை மேசை ஆட்டத்தில் உள்ளதுபோல் நிலையானதன்று.

நடைமுறையில் 'ஸ்கிப்' சொல்பவர்தான் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறார். யாரையாவது வெளியேற்றியாக வேண்டும் என்ற பரபரப்பு மனிதர்களுக்கு இயல்பு. காத்திருக்கச் சொல்பவர் குற்றவாளியைக் காக்க முயல்கிறார் என்றே கூட்டம் எண்ணிக்கொள்கிறது.

முகம் எவ்வளவு சொல்லும்?

இனி, மந்திரியின் அந்தப் பார்வைக்கு வருவோம். பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன் குறித்து சார்லஸ் பாண்ட், பெல்லா டிபௌலோ ஆகிய உளவியலாளர்கள் 2006இல் ஒரு பெரும் தொகுப்பாய்வை வெளியிட்டனர். அதுவரை நடந்த ஆய்வுகளில் 24,000க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளை அவர்கள் ஒன்றுதிரட்டினர். பேசுபவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதை, வேறு உதவி ஏதுமின்றி மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். பொய்களில் 47 சதவீதம் மட்டுமே பொய் எனப் பிடிபட்டன. உண்மைகளில் 61 சதவீதம் உண்மை என ஏற்கப்பட்டன. அதாவது உண்மை பேசிய ஒவ்வொரு 100 பேரிலும் 39 பேர் பொய்யராகக் கருதப்பட்டனர்.

இந்த அளவுகளை மேற்கண்ட ஏழு பேர் ஆட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். யாரையும் பார்க்காமலேயே எவரொருவரும் மாஃபியாவாக இருக்க வாய்ப்பு 7க்கு 2, ஏறத்தாழ 28.6 சதவீதம். இப்போது ஒருவரின் முகத்தைப் பார்த்து, 'இவர் பொய் சொல்கிறார்' என நமக்குத் தோன்றுகிறது. 47, 39 என்ற மேற்கண்ட விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டால், அவர் உண்மையில் மாஃபியாவாக இருக்கும் வாய்ப்பு 32.5 சதவீதமாக மட்டுமே உயர்கிறது. நான்கு புள்ளி ஏற்றம். மனத்துக்குள் தோன்றும் உறுதியோ அதைப்போல் பல மடங்கு. 'பார்த்தவுடனே தெரிந்துவிட்டது' என்று மேசையைத் தட்டுபவரின் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த நான்கு புள்ளிகள்தாம்.

நல்லவர்கள் இப்படித் தவறாகக் குறிவைக்கப்படுவதில் ஓர் ஒழுங்கும் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட அப்பாவிக்குத் தற்காத்துக்கொள்ளச் சான்று எதுவும் இருப்பதில்லை. 'நான் இல்லை' என்பதைத் தவிர அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை; அதையே மாஃபியாவும் சொல்லும். அவர் பதறினால் பதற்றம் சான்றாகிறது. அமைதி காத்தால் அமைதி சான்றாகிறது. கோபப்பட்டால் கேட்கவே வேண்டாம். மாஃபியாவினரோ தங்கள் பங்கை முதலிலிருந்தே அறிந்து, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார்கள். எதிர்பாராத குற்றச்சாட்டில் தடுமாறுபவர் அப்பாவியாக இருக்கும் வாய்ப்பைக் கூட்டம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதிகம் பேசாதவர், மொழியில் தயங்குபவர், குழுவில் நெருங்கிய நண்பர் இல்லாதவர் ஆகியோர் முதலிரு சுற்றுகளில் வெளியேறுவது பல மேசைகளிலும் காணக்கூடிய காட்சி. அவர்களை வெளியேற்றுவதால் யாருடைய பகையும் வராது என்பதே உண்மைக் காரணம். விளையாட்டு என்பதால் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம்.

வாக்கு பொய் சொல்லாது, சொன்னாலும் பதிவாகும்

முகத்தைவிட உறுதியானது வாக்குப் பதிவு. யார் யாருக்கு எதிராக வாக்களித்தார், முதலில் பெயர் சொன்னவர் யார், முடிவு ஏறத்தாழ உறுதியான பின் கடைசியில் வந்து சேர்ந்தவர் யார் என்பவை மாற்ற முடியாத செய்திகள். அன்று அவற்றுக்குப் பொருள் இருக்காது. வெளியேற்றப்பட்டவர் குடிமகன் எனத் தெரியவந்த கணத்தில் அவை பொருள் பெறுகின்றன. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள், ஒருவரை வெளியேற்றுவதை ஒரு கேள்வியாகவும் பயன்படுத்துகிறார்கள். அவரின் அடையாளம் தெரியவந்தால் யார் யாரைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். 'அமாங் அஸ்' ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவரின் அடையாளத்தை அறிவிக்காமல் மறைக்கவும், யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை மறைக்கவும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. அவற்றை மாற்றினாலே ஆட்டம் வஞ்சகர் பக்கம் சாய்ந்துவிடுவது இதற்குச் சான்று.

'நானே துப்பறிவாளர்' என்று அறிவிக்கும் தருணமும் இப்படித்தான். ஏழு பேர் ஆட்டத்தில் ஐந்து குடிமக்களுள் ஒருவர் துப்பறிவாளர் என்று வைத்துக்கொள்வோம். முதல் பகலில் அவர் தம்மை அறிவிக்கிறார். உடனே மாஃபியாவில் ஒருவர், 'இல்லை, நான்தான் துப்பறிவாளர்' என்கிறார். இருவரில் ஒருவர் நிச்சயம் பொய்யர். கூட்டம் நாணயத்தைச் சுண்டி ஒருவரை வெளியேற்றி, தவறாகிப் போனால் மறுநாள் மற்றவரை வெளியேற்றினாலும், குடிமக்கள் வெல்லும் வாய்ப்பு 23 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்கிறது. அதாவது உண்மைத் துப்பறிவாளரையே பாதி நேரம் தவறாக வெளியேற்றினாலும் குடிமக்களுக்கு லாபம். எனவே விவரமறிந்த மாஃபியா எதிர்வாதம் செய்யாமல், அவரை நம்புவதுபோல் நம்பி, இரவில் கொன்றுவிடும். அப்படி நேர்ந்தால், கையில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லாமல் தம்மை அறிவித்த துப்பறிவாளரால் குடிமக்களின் வாய்ப்பு 24.4 சதவீதத்தைத் தாண்டாது. சொல்ல ஒரு செய்தி கிடைக்கும் வரை துப்பறிவாளர் மறைந்திருக்க வேண்டும் என்ற அனுபவ விதிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

மாஃபியாவின் பக்கத்திலும் நம்பிக்கையே மூலதனம். அதை ஈட்டும் மிகத் துணிச்சலான வழி, சொந்தக் கூட்டாளியையே பலி கொடுப்பது. கூட்டாளி எப்படியும் மாட்டிக்கொள்ளும் நிலை வந்ததும், அவருக்கு எதிராக முதல் குரல் கொடுப்பவர் அடுத்த பல சுற்றுகளுக்குச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராகிறார். வாக்குப் பதிவை நம்பும் குடிமக்களுக்கு இது வைக்கப்படும் பொறி. இதைக் கண்டறிய ஒரே வழி, அவர் எப்போது மாறினார் என்று பார்ப்பது. கூட்டம் திரும்புவதற்கு முன்பா, திரும்பிய பின்பா?

இரவுக் கொலையிலும் ஒரு முரண் உண்டு. எல்லோரும் நம்பும் ஒருவரைத்தான் மாஃபியா கொல்லும். ஏனெனில் அவரைப் பகலில் வாக்கால் வெளியேற்ற முடியாது. ஆகவே மிகவும் நம்பப்படும் ஒருவர் பல இரவுகள் உயிரோடு இருந்தால், அதுவே சந்தேகத்துக்கு இடமாகிறது. இதை அறிந்த மாஃபியா அவரை வேண்டுமென்றே விட்டுவைக்கும். நான்காம் நாள் காலையில், 'உங்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?' என்ற கேள்வி தானாக எழும். அதற்கு எந்த நல்லவராலும் பதில் சொல்ல முடியாது.

பரிசுத் தொகை நுழையும்போது

தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தக் கணக்குகள் பலவும் குலைந்துபோகின்றன. 'தி டிரெய்ட்டர்ஸ்' நிகழ்ச்சியில் ஒரு துரோகி வெளியேற்றப்பட்டால், எஞ்சிய துரோகிகள் ஓர் அப்பாவியைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வாய்ப்பளிக்கப்படுவதுண்டு. நிகழ்ச்சி பாதியில் முடிந்துவிடாமல் இருக்கத் தயாரிப்பாளர்களுக்கு இது தேவை. ஆனால் அப்பாவிகளின் நிலையில் இருந்து பார்த்தால், அதுவரை சேர்த்த வாக்குப் பதிவு முழுவதும் ஒரே இரவில் செல்லாக்காசாகிறது. நேற்றுவரை உண்மையாகவே அப்பாவியாக இருந்து, அப்பாவியாகவே வாக்களித்தவர் இன்று துரோகி. அவரைப் பழைய நடத்தையைக் கொண்டு எவரும் பிடிக்க முடியாது. தொடக்கத்திலேயே துரோகியைக் கண்டுபிடிப்பதால் பெரிய பயனில்லை, இறுதிச் சுற்றில் யாரோடு இருக்கிறோம் என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு விமர்சகர்களும் ரசிகர்களும் வருவது இதனால்தான்.

இறுதிச் சுற்றின் விதி கடுமையானது. எஞ்சியவர்கள் ஒருமனதாக ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். அல்லது இன்னொருவரை வெளியேற்றலாம். முடிக்கும்போது அனைவரும் அப்பாவிகள் என்றால் பரிசு பகிரப்படும். ஒரு துரோகி இருந்தாலும் முழுத் தொகையும் அவருக்கே. சந்தேகம் சிறிது இருந்தாலும் இன்னொருவரை வெளியேற்றுவதே பாதுகாப்பு என்று தோன்றும். பங்கு கூடும் என்பது உபரி ஆசை.

ஆசை இல்லாதபோதும் இது நிகழும் என்பதை 2025 இலையுதிர் காலத்தில் பிபிசி ஒளிபரப்பிய பிரபலங்கள் பதிப்பு காட்டியது. அதில் பரிசுத் தொகை அறக்கொடைக்கு மட்டுமே. இறுதியில் நடிகர் நிக் முகமது, வரலாற்றாசிரியர் டேவிட் ஒலுசோகா, ரக்பி வீரர் ஜோ மார்லர் என மூன்று அப்பாவிகளும், நகைச்சுவைக் கலைஞர் ஆலன் கார் என்ற துரோகியும் எஞ்சினர். மார்லர் சரியான ஆளைச் சந்தேகித்திருந்தார். அவருடன் கைகோத்து வந்த முகமதுவே கடைசி நேரத்தில் ஐயம் கொண்டு அவருக்கு எதிராகத் திரும்ப, மார்லர் வெளியேறினார். 87,500 பவுண்டு கார் தேர்ந்தெடுத்த அறக்கொடைக்குச் சென்றது.

ஜெய்சால்மரில் முடிவு வேறு. அங்கே கடைசிவரை ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத இரு அப்பாவிகள் வென்றனர்: உர்ஃபி ஜாவேத், நிகிதா லூதர். லூதர் தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர் என்பதைப் பலரும் அப்போது சுட்டிக்காட்டினர். எதிராளியின் முகத்தைவிட அவர் பந்தயம் கட்டிய வரிசையை நினைவில் வைத்திருப்பது போக்கர் ஆட்டத்தின் அடிப்படைப் பயிற்சி.

வெளியேற்றமே இல்லாத ஆட்டங்கள்

முதல் இரவிலேயே 'இறந்து', அடுத்த ஒரு மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் பிடிப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வடிவமைப்பாளர்கள் பல வழிகளை முயன்றுள்ளனர். டான் எஸ்க்ரிட்ஜ் உருவாக்கிய 'தி ரெசிஸ்டன்ஸ்' ஆட்டத்திலும், அதன் வழிவந்த 'ஆவலான்' ஆட்டத்திலும் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. கேள்வி தலைகீழாகிறது. யாரை விலக்குவது என்பதற்குப் பதிலாக, யாரை நம்பிப் பணிக்கு அனுப்புவது? ஐவர் ஆட்டத்தில் இருவர் ஒற்றர். உங்களையும் சேர்த்து மூவர் குழு ஒன்றை அமைக்க வேண்டும். மற்ற நால்வரில் இருவரைக் கண்மூடித் தேர்ந்தால், இருவருமே நல்லவராக இருக்க வாய்ப்பு ஆறில் ஒன்று. ஆனால் தோல்வியுற்ற ஒவ்வொரு பணியும் அந்தக் குழுவில் ஓர் ஒற்றராவது இருந்ததை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. மாஃபியாவில் கிடைக்காத உறுதியான தகவல் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது.

2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டீப்ரோல்' என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், இணையவழி ஐவர் 'ஆவலான்' ஆட்டங்களில் மனிதர்களோடு ஆடி, மனிதர்களைவிட அதிக விகிதத்தில் வென்றது. அதனால் பேச இயலாது. மற்றவர்கள் பேசுவதையும் அது பொருட்படுத்தவில்லை. யார் யாரை முன்மொழிந்தார், யார் எதற்கு வாக்களித்தார், எந்தப் பணி தோற்றது என்பவற்றை மட்டும் கொண்டு, யார் எந்தப் பக்கம் என்று கணித்தது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீவன் மெட்வே உருவாக்கிய 'பிளட் ஆன் தி கிளாக்டவர்' இன்னொரு வழியைக் கண்டது. அதில் இறந்தவர்களும் மேசையை விட்டு எழுவதில்லை. தொடர்ந்து பேசலாம், வாதாடலாம். ஆட்டம் முடியும்வரை அவர்களுக்கு ஒரே ஒரு வாக்கு மட்டும் மிச்சம். அனுபவம் மிக்கவர்கள் அதை அவசரப்பட்டுச் செலவழிப்பதில்லை; மூவர் மட்டும் உயிரோடு எஞ்சும் இறுதி நாளுக்கென அதை வைத்திருப்பார்கள்.